பிடுங்கப்பட்ட போஞ்சிக்கொடி

அன்புள்ள அம்மாவுக்கு,

தலவாக்கலைக் குளிரில் உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் கொழும்பில் நலம். போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்காது என்பதால் எழுதுகிறேன்.

விலைவாசி ஏறும்போதெல்லாம் தேயிலைத் தோட்டச் சம்பளமும் ஏற வேண்டும் என்ற பேச்சுவார்த்தைக்கு எங்கள் தொழிற்சங்கத்தின் சார்பில் போயிருந்தேன். கம்பெனிப் பக்கம் உட்கார்ந்திருந்தவர், முன்பு நம் தோட்டத்தில் சின்னத்துரையாக இருந்து வேலை வாங்கியவர். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"லயத்து வீட்டு ஆளுங்களுக்கு மரக்கறிச் செலவே இல்ல. வாசல்லயே போட்டுக்கிறாங்க. அதக் கழிச்சுத்தான் வாழ்க்கைச் செலவைப் பார்க்கணும்" என்றார்.

"எந்த லயத்துல தொர? மேல் டிவிசன்ல பூரணி போட்ட போஞ்சிய, தோட்டத்து நெலம்னு சொல்லி பக்கத்துல நின்னு பிடுங்க வச்சீங்களே, அதையும் கழிக்கணுமா? நான் அவங்க மகதான்."

அவர் தண்ணீர் குடித்தார். மரக்கறிச் செலவைக் கழிக்கும் பேச்சை அன்றே கைவிட்டார்கள். பயப்படாதீர்கள், என் வேலைக்கு ஒன்றும் ஆகாது. அன்று நீங்கள் அழாமல் பிஞ்சுகளைப் பொறுக்கிச் சமைத்தீர்கள். எனக்குத்தான் ஆறவில்லை. இப்போதும் பாதிதான் ஆறியிருக்கிறது.

ஒருத்திக்காகச் சமைக்க இங்கே மனம் வருவதில்லை. யாராவது கொழும்புக்கு வந்தால் கொஞ்சம் போஞ்சி கொடுத்தனுப்புங்கள்.

அந்தத் துரை நம் தோட்டம் பார்க்க வரப்போகிறாராம். அதே இடத்தில், பாதையில் போகிறவர் கண்ணில் படும்படி மறுபடியும் போஞ்சி விதை போடுங்கள். பிடுங்கச் சொன்னால், "மககிட்ட கேட்டுச் சொல்றேன் தொர" என்று மட்டும் சொல்லுங்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
சந்திரலேகா