முகத்துவாரம் வெட்டிய காலை

அன்பு மகள் யதீராவுக்கு,

அம்மா ஒஃபேலியா எழுதுகிறேன். நான் நல்லபடியாக எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், அந்தக் குளிர் ஊரில் நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று விடியும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்லி ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, ஏன்மா குரல் ஒருமாதிரி இருக்கு என்று கேட்டாய், மழை, சளி என்று சமாளித்துவிட்டேன். மழையில் போன் கோபுரம் விழுந்து இத்தனை நாள் போனே இல்லை, வந்த அன்றைக்கு உன் அப்பா என் பக்கத்திலேயே நின்றுகொண்டு, எதையும் சொல்லாதே என்று கண்ணாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். பல் டாக்டரின் தங்கை உன் ஊருக்குத்தான் வருகிறாளாம், அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், சாப்பிட்டுவிட்டுப் படி.

ஊர் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். செப்டம்பர் மாதம், கடற்கரையில் பெலிக்கான்களும் தெருநாய்களும்தான் உலாத்துகின்றன, சாப்பாட்டுக் கடைகளில் நாற்காலிகளை அடுக்கிக் கயிற்றால் கட்டி வைத்துவிட்டார்கள், பரிமாறுகிற பையன்களெல்லாம் கட்டட வேலைக்குப் பட்டணம் போய்விட்டார்கள். நான் சமைக்கிற கடையும் நவம்பர்வரை கிடையாது, சனிக்கிழமைகளில் சோளமாவைப் பிசைந்து தமாலே அவித்து வீட்டு வாசலிலேயே விற்கிறேன், வாங்குகிறவர்களும் நம்மை மாதிரி சும்மா இருக்கிறவர்கள்தான். கொசுமருந்து வண்டி ஒருதரம் வந்து எல்லோரையும் இருமவைத்துவிட்டுப் போனது, கொசு அப்படியேதான் இருக்கிறது. உன் அப்பாவின் படகு எஞ்சின் ஜூனிலேயே படுத்துவிட்டது, அதனால் முகத்துவாரத்துப் பக்கம் இருக்கிற மஞ்சள் ஓட்டலில் காவலுக்குச் சேர்ந்தார். விருந்தாளி ஒருவரும் இல்லாத ஓட்டலுக்குத் தனியாளாகக் காவல். காக்கிச் சட்டையை தினமும் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு போவார், எனக்குச் சிரிப்பாக வரும், சிரிக்கமாட்டேன்.

அந்த ஓட்டல்காரர்கள் போன வருஷம் செய்த வேலையை நீ பார்க்கவில்லை. காயலுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல்திட்டு இருக்கிறதே, மழைக்காலத்தில் நம் ஆட்கள் மண்வெட்டியோடு போய் வெட்டிவிடுவார்களே, அதற்குப் போகிற வழியில் கம்பிவேலி போட்டு இரும்புக் கதவு வைத்துவிட்டார்கள், திட்டின்மேல் தென்னங்கன்றும் நட்டுவிட்டார்கள். வெட்டினால் தங்கள் கடற்கரை மணல் கரைந்துபோகிறதாம். வெட்டாவிட்டால் காயல் தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அது நேராக எவரிஸ்தோ மாமா தெருவுக்குத்தான் போகும், போனது.

இந்தத் தடவை பெய்தது மழையே இல்லை மகளே, வானம் பிய்த்துக்கொண்டது. முதலில் நண்டுகள் வந்தன, மாமா வீட்டுக் கட்டில்மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தன, தூலிஸ் மாமி துடைப்பத்தால் தள்ளித் தள்ளி ஓய்ந்துபோனாள். அப்புறம் தண்ணீர் அடுப்படிக்கு வந்தது. அப்புறம் ஒரு காலையில் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துத் திடலில் முதலை படுத்திருந்தது, ஆள் நீளம் இருக்கும், நன்றாக வெயில் காய்கிற மாதிரி வாயைத் திறந்துகொண்டு. பஞ்சாயத்தில் கேட்டதற்கு மண்வாரி இயந்திரம் வருகிறது என்றார்கள், அது மலைச் சரிவில் ரோடு அறுந்து அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

அன்று மத்தியானம் மாமா தெரு ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓட்டல் கதவுக்குப் போனார். நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன், தூக்குச்சட்டியைக் கையில் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்தேன். மாமா முதலில் நல்லபடியாகத்தான் கேட்டார், "மாப்ளே, கதவத் தொற, எங்க வேலைய முடிச்சிட்டுப் போயிடுறோம்" என்றார். அப்பா அசையவில்லை. "மச்சான், இஞ்சினியர்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். போன் வந்ததும் கேட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் பொறு" என்றார். இஞ்சினியர் என்றால் ஓட்டல் நிர்வாகி, குவாதலகாராவில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் போனிலேயே நடத்துகிறவர், அன்றைக்குப் போனும் இல்லை. மாமாவுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "பொறுக்கவா? எம் பொண்டாட்டி இடுப்பளவு தண்ணியில நிக்கிறா, நீ யாருமில்லாத நீச்சல்குளத்துக்குக் காவல் நிக்கிற! நாய்கூட வீட்டாளப் பாத்தா கொலைக்காதுடா!" என்று கத்தினார். அப்பா முகம் செத்துப்போய்விட்டது. "ஒம் பேச்ச நிறுத்திக்க. என்னத் தாண்டித்தான் உள்ள போகணும், முடிஞ்சா போ" என்று கதவுக்குக் குறுக்கே நின்றார். மாமா சட்டையைப் பிடித்தார், அப்பா தள்ளினார், மாமா சேற்றில் உட்கார்ந்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. எழுந்து, காலையில கதவோட சேர்த்து ஒன்னையும் பேத்து எடுக்குறேன் என்று சொல்லிவிட்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். சாப்பாட்டை அப்பாவிடம் நீட்டினேன், பசியில்லை என்றார். நானும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன், அதை எழுதமாட்டேன்.

விடியும்போது மாமா ஆட்கள் கடப்பாரையும் மண்வெட்டியும் வெட்டுக்கத்தியுமாகக் கிளம்புகிறார்கள் என்று தூலிஸ் மாமி ஓடிவந்து சொன்னாள். தலையைக்கூட முடியாமல் இரண்டு பேரும் பின்னாலேயே ஓடினோம். இன்றைக்கு யாரோ ஒருவர் ரத்தம் விழப்போகிறது, என் அண்ணனா என் புருஷனா என்றுதான் வழியெல்லாம் நினைத்தேன். போய்ப் பார்த்தால் கதவு விரியத் திறந்து கிடக்கிறது. தேய்த்து மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை கம்பத்தில் தொங்குகிறது. திட்டின்மேல் உன் அப்பா பனியனோடு, முட்டளவு குழிக்குள் நின்று தன்னந்தனியாக வெட்டிக்கொண்டிருக்கிறார். எப்போது ஆரம்பித்தாரோ, உள்ளங்கையெல்லாம் உரிந்திருந்தது. மாமா கடப்பாரையை அப்படியே மணலில் குத்திவிட்டு, பக்கத்தில் இறங்கி மண்வெட்டியால் வெட்ட ஆரம்பித்தார். மாப்பிள்ளை என்றும் இல்லை, மச்சான் என்றும் இல்லை. எல்லோரும் இறங்கினார்கள், நாங்களும் கையாலேயே மணல் அள்ளிக் கொட்டினோம்.

கடல் பக்கம் வெட்டு முடிந்ததும் முதலில் ஒரு விரல் கனத்துக்குத்தான் தண்ணீர் ஓடியது, ஓ என்று கூவினார்கள், ஒருவன் தொப்பியைத் தூக்கி எறிந்தான். கூவி வாய் மூடுவதற்குள் அது ஒரு வாய்க்கால், அப்புறம் ஆறு. இரண்டு பக்கக் கரையும் ரொட்டி மாதிரிப் பிய்ந்து பிய்ந்து விழுந்தது, தென்னங்கன்றுகள் நின்றபடியே நடந்து போயின. மேலே ஏறுங்க ஏறுங்க என்று அப்பா கத்தினார். எல்லோரும் ஏறினார்கள், மாமா மட்டும் அந்தக் கரையில் மாட்டிக்கொண்டார், அவர் நின்ற இடம் அவரோடு சேர்ந்து போய்விட்டது. தலை ஒருதரம் தெரிந்தது, கை ஒருதரம் தெரிந்தது, அப்புறம் அந்தப் பழுப்புத் தண்ணீர் அவரை அலைகளுக்கு நடுவில் கொண்டுபோய்விட்டது.

அப்பா ஓட்டலை நோக்கி ஓடினார். விருந்தாளிகள் துடுப்புப் போடுகிற சின்னப் படகுகளை ஒரு கொட்டகையில் பூட்டி வைத்திருப்பார்களே, அந்தப் பூட்டை மண்வெட்டியாலேயே உடைத்து ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். நான் குறுக்கே போய் விழுந்தேன் யதீரா, வெட்கமில்லாமல் சொல்கிறேன், காலைக் கட்டிக்கொண்டேன். "வேணாங்க, நீங்களும் போயிட்டா நான் என்ன செய்வேன்" என்றேன். "அவன் ஒங்கூடப் பொறந்தவன் ஒஃபேலியா, விடு" என்று காலை உதறிக்கொண்டு போனார். முதல் அலை படகைக் கவிழ்த்தது, ஏறினார். இரண்டாவது தாண்டியது. மூன்றாவதுக்கு அப்புறம் படகும் இல்லை, அவரும் இல்லை, வெறும் மரக்கட்டைகளும் ஆகாயத்தாமரையுமாகக் கடல் கொதித்துக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், எவரிஸ்தோ எவரிஸ்தோ என்று அவளுக்கு ஒரே பெயர்தான். எனக்கு வாய் திறக்கவில்லை. யார் பெயரை முதலில் சொன்னாலும் மற்றவரைக் கைவிட்ட மாதிரி ஆகிவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நேரம் போகப் போக ஆண்கள் தொப்பியைக் கழற்ற ஆரம்பித்தார்கள். போடுங்கடா தொப்பிய என்று நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் மறுபடி போட்டுக்கொண்டார்கள்.

தெற்கே மீனவர் பாறைப் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பெண் ஓடிவந்தாள். ரெண்டு பேரு வர்றாங்க, சண்டை போட்டுக்கிட்டே வர்றாங்க என்றாள். ஓடினோம். மாமாவை அப்பா தோளில் தாங்கி நடத்திக்கொண்டு வந்தார், மாமாவுக்குக் காறை எலும்பு முறிந்து கை தொங்கியது, அப்பாவுக்கு நெற்றியெல்லாம் ரத்தம், படகு பாறையில் அடித்துப் போய்விட்டதாம். "நான் நீந்தியே வந்திருப்பேன், இவன யாரு வரச் சொன்னா" என்கிறார் மாமா. "ஆமா, அடியில போய் நடந்து வந்திருப்ப" என்கிறார் அப்பா. நான் இரண்டு பேரையும் அடித்தேன், நிஜமாகவே கையால் அடித்தேன், அப்புறம் மணலில் உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலத்துக்குள் மாமா தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது, வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு, அதனால் மாமாவும் மாமியும் நம் வீட்டில்தான் இருக்கிறார்கள், மாமா உன் கட்டிலில். ஓட்டலின் கடற்கரையில் பாதி போய்விட்டது. ரோடு சரியானதும் இஞ்சினியர் காரில் வந்தார், காக்கிச் சட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார், பட்டணத்தில் புகாரும் கொடுத்துவிட்டார். கதவைத் திறந்தது, பூட்டை உடைத்தது, படகைத் திருடியது, எல்லாம் அப்பா தலையில். அவர் உயிரைக் காப்பாற்றப் போனார் என்று நான் சொன்னதற்கு, அதை நீதிபதியிடம் சொல்லுங்கள் அம்மா என்றார், மரியாதையாகத்தான் சொன்னார், அதுதான் பயமாக இருந்தது.

நேற்று விசாரணைக்குப் போனோம். வரவேண்டாம் என்று அப்பா என் மூலமாகச் சொல்லியும், மாமா கையைக் கழுத்தில் துணி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு கூடவே பஸ் ஏறினார். பாறையிலிருந்து நடந்து வந்தபிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசுவதே கிடையாது, ஒங்கண்ணன உப்ப இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு, ஒம் புருஷன ரேடியோவக் கொறைக்கச் சொல்லு என்று நான்தான் நடுவில். அதிகாரி ஒரு பெண், சின்ன வயசு, கதவைத் திறந்தது யார் என்று கேட்டாள். அப்பா, நான்தான் என்று எழுந்தார். அதற்குள் மாமா, "அம்மணி, அவன் பொய் சொல்றான். நான்தான் ஆளுங்களோட போயி ஒடச்சேன், பூட்டும் நான்தான், படகும் நான்தான்" என்றார். அப்பா திரும்பினார். "யோவ், நீ தண்ணிக்குள்ள கெடந்த, எப்படிய்யா படக எடுப்ப?" "எடுத்துட்டுத்தான் விழுந்தேன், ஒனக்கென்ன?" "ஒரு கையி ஒடஞ்சும் கொழுப்பு அடங்கல!" "ஒனக்கு மண்டை ஒடஞ்சும் புத்தி வரல!" அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டாள். ரெண்டு பேரும் வெளியில போயி, யாரு பண்ணீங்கன்னு முதல்ல உங்களுக்குள்ள முடிவு பண்ணிட்டு நவம்பர்ல வாங்க என்று சொல்லிவிட்டாள். சிரிப்பை அடக்கினாளா எரிச்சலா என்று எனக்குப் புரியவில்லை. வழக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது, தள்ளுபடி ஆகவில்லை. இரவில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் எத்தனையோ சீட் காலியாக இருந்தும் இரண்டு பேரும் ஒரே சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

நீ பதறிக்கொண்டு கிளம்பி வராதே, வேலையை விடாதே. ரொட்டியைத் தின்றே வயிற்றை நிரப்பாமல் பீன்ஸாவது வேகவைத்துச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியில் போ. இந்தக் கடிதம் வந்ததாகவே காட்டிக்கொள்ளாதே. குவாதலூப்பே மாதா தன் போர்வைக்குள் உன்னை இழுத்து வைத்துக்கொள்ளட்டும், எந்தத் தண்ணீரும் உன் வாசல் ஏறாமல் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அப்பாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடாதே, மாமா எப்படி இருக்கிறார் என்று எதேச்சையாகக் கேட்கிற மாதிரிக் கேள். தனக்கும் உனக்கும் ஒன்றுமே இல்லாத மாதிரி மாமா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருப்பார், ஆனால் போன் மணி அடிப்பதற்கு முன்னாலேயே அப்பா போனை அவர் கட்டில் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
ஒஃபேலியா
போக்கா சேக்காவிலிருந்து