சோடி மத்தாப்பு

என் ஆசை மதினி ஞானப்பூவுக்கு,

நேற்றுத் தீபாவளி. இன்று காலையில் வாசலைப் பெருக்கப் போனவள் விளக்குமாற்றைச் சாத்திவைத்துவிட்டுத் தெருவில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். என்ன பொறுக்கினேன் என்று நினைக்கிறீர்கள்? நம் பிள்ளைகளைத்தான். சிவப்புத் தாள் குப்பைக்குள் பெண்பிள்ளை படம் போட்ட மத்தாப்புப் பெட்டி ஒன்று, பையன் படம் போட்டது ஒன்று. பையன் மேல் யாரோ மிதித்திருக்கிறார்கள். ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் கிடந்தான். இரண்டையும் துடைத்து, நீங்கள் உட்காரும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

இந்த வருசமும் கடையில் யாரும் கம்பெனிப் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை மதினி. "அண்ணாச்சி, சோடி மத்தாப்பு குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கடை வாசலில் நின்று அழுதால் நன்றாகவா இருக்கும்? முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் ஒரு சோடி" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீங்கள் கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்லாமல் மறைத்த ஒரு சங்கதி எனக்குள் முள்ளாகக் கிடக்கிறது. இன்று அதைச் சொல்லிவிடப் போகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை. உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் நான் சொல்லி நீங்கள் கேட்டால்தான் எனக்குத் திருப்தி.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது உங்களுக்கு இருபத்திரண்டு, எனக்குப் பத்தொன்பது. வந்த மூன்றாம் மாதமே முன்ரூமில் மேசையைப் போட்டு, அச்சகங்களுக்குத் தீப்பெட்டிப் படமும் வெடிப் படமும் வரைந்து கொடுக்க ஆரம்பித்தீர்கள். ஒருநாள் துத்தநாகத் தகட்டில் ஒரு பெயரைத் திருப்பிப்போட்டு எழுத முடியாமல் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தீர்கள். அந்தக் கால அச்சில் தகடு நேராகத் தாளில் அமுங்கும். அதனால் தகட்டில் எல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறி இருக்க வேண்டும். நான் பேனாவை வாங்கி, இடது கையால், வலப்பக்கத்திலிருந்து மளமளவென்று எழுதிக் காட்டினேன். சின்ன வயதில் அம்மா வேப்பெண்ணெய் தடவியும், வாத்தியார் பிரம்பால் அடித்தும் திருந்தாத கை அது.

நீங்கள் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "ஏ புள்ள, இம்புட்டு நாளும் இந்தக் கையை எங்கன ஒளிச்சு வச்சிருந்த?" என்றீர்கள். அதுவரைக்கும் அந்தக் கையைப் பற்றி ஒருத்தரும் என்னிடம் நல்ல வார்த்தை சொன்னதில்லை.

அன்றிலிருந்து உருவம் உங்களுக்கு, எழுத்தும் தகடும் எனக்கு. ஆனால் ஆள் வந்தால் மட்டும் பேனா வலது கைக்கு மாறிவிடும். வெடிப் பெட்டியில் இருக்கிற லட்சுமி பெயரும் முருகன் பெயரும் பீச்சாங்கையால் எழுதினவை என்று தெரிந்தால் எவன் நம் படியேறுவான்? வேலை முடிந்ததும் அண்ணன் முகம் மழிக்கிற கண்ணாடியைத் தகட்டுக்கு எதிரே பிடித்து, எல்லாம் நேராகத் தெரிகிறதா என்று பார்ப்போம். அதில் நம் மை ஒட்டியிருக்கும். அண்ணன் பாதி மீசையோடு பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் ஞாபகம் இருக்கிறதா?

பாவம், அண்ணனுக்கு நம் பேரில் வேறொரு வருத்தமும் இருந்தது. ஊர் வேலையெல்லாம் ஓசியில் செய்தோம். பள்ளிக்கூட நாடகத்துக்கு அரண்மனைத் திரை, பொங்கலுக்குக் காளைக்கொம்பு, கிறிஸ்துமசுக்கு வால் நட்சத்திரம், நர்சம்மா வந்து நின்றால் 'தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்' படம். கூலிக்கு வந்த வேலை ஓரமாகக் காத்துக் கிடக்கும். "ஊருக்கெல்லாம் எழுதுதீக, வீட்டுக்கு எப்ப எழுதப் போறீக?" என்பார். காரியாபட்டிப் பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு டிராயிங் டீச்சர் வேலை பேசிவிட்டு வந்து ஒருநாள் கறாராகச் சொன்னார். "அந்தப் புதுப்பட்டி முதலாளி ஆர்டரை ஒழுங்கா முடிச்சுக் குடுத்தா ரூம் இருக்கட்டும். அது கெட்டுச்சுன்னா மேசையை மடக்கிட்டு வேலைக்குப் போயிரணும்." நீங்கள் சரி என்றுவிட்டீர்கள். நீங்கள் காரியாபட்டி போய்விட்டால் இந்தக் கைக்கு மறுபடி வேப்பெண்ணெய்தானே?

எம். புதுப்பட்டியில் புதிதாகப் பட்டாசுக் கம்பெனி வைத்த ராமசாமி முதலாளிக்கு அது முதல் சீசன். கம்பி மத்தாப்புப் பெட்டிக்குப் படம் கேட்டார். பாவாடை கட்டின பிள்ளை ஒன்று, வலது கையை நீட்டி மத்தாப்பைப் பிடித்திருக்கிறது. மத்தாப்பு நுனி படத்தின் விளிம்பைத் தொடுகிறது. அந்தச் சிரிப்பை எங்கிருந்து பிடித்தீர்களோ, அவ்வளவு அழகு. பெயர் இன்னும் முடிவாகாததால் எழுத்துக்கு இடம் விட்டு, உருவத்தை மட்டும் தகட்டில் ஏற்றினேன். கண்ணாடியில் பார்த்தோம். பிள்ளை வலது கையில்தான் பிடித்திருந்தாள். அனுப்பிவிட்டோம்.

கண்ணாடியில் சரியாக இருந்ததுதான் தப்பாகப் போனது. அச்சகத்தில் புதுசாக ஆப்செட் மெஷின் இறக்கியிருந்தார்கள். அதில் தகட்டுக்கும் தாளுக்கும் நடுவே ஒரு ரப்பர் உருளை. படம் ரப்பரில் ஒரு தரம் திரும்பி, தாளில் மறுதரம் திரும்பிவிடும். அதனால் தகட்டில் நேராகவே வரைய வேண்டும். ஓர் எழுத்து இருந்திருந்தால் முதல் தாளிலேயே பிடிபட்டிருக்கும். எழுத்தில்லாத பிள்ளை சிரித்துக்கொண்டே கட்டுக் கட்டாக அச்சாகிவிட்டாள்.

முதலாளி ஒரு கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். மேசையில் ஒரு தாளைப் போட்டார்.

"என்னம்மா இது? புள்ளை பீச்சாங்கையில மத்தாப்பு புடிச்சிருக்கு. நல்ல நாளும் பொழுதுமா இதை எந்தக் கடைக்காரன் வாங்குவான்? என் சீசனே போச்சே."

நீங்கள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அண்ணன் கதவோரம் வந்து நின்றார். "யாரு தகடு போட்டது?" என்று முதலாளி கேட்டார். "நான்தான் அண்ணாச்சி" என்று நீங்கள் வாயெடுத்தீர்கள். என் பழியை நீங்கள் சுமப்பதா? எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"அவுக இல்லை, நான் போட்டேன். பீச்சாங்கையாலதான் போட்டேன். இந்த ரூம்ல இருந்து போன அம்புட்டு எழுத்தும் இந்தக் கையால எழுதுனதுதான். போங்க, போய் ஊருக்கெல்லாம் சொல்லுங்க."

முதலாளி என் கையைப் பார்த்தார், சுவரில் தொங்கிய பழைய படங்களைப் பார்த்தார். "எழுத்தெல்லாம் நேராத்தானே இருக்கு. பெறகென்ன? எனக்கு உன் கை வம்பு இல்லை தாயி, படத்துல இருக்கிற கைதான் வம்பு" என்றார். அந்த மனுசனை அன்றைக்குக் கும்பிட்டிருக்க வேண்டும். எங்கே, கோபத்தில் முறைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் நீங்கள் பென்சிலை எடுத்தீர்கள். அந்தப் படத்துக்கு வலப்பக்கம் வெறும் தாளை ஒட்டிவைத்து, ஒரு பையனைக் கோடிழுத்தீர்கள். அவன் வலது கையை இந்தப் பக்கம் நீட்டி, தன் மத்தாப்பு நுனியால் அவள் மத்தாப்பு நுனியைத் தொட்டான். அவளிடமிருந்து பற்றவைத்துக்கொள்கிறான். தம்பிக்குக் கொடுக்க அக்கா எந்தக் கையை நீட்டினால்தான் என்ன? இப்போது அவள் அந்தக் கையை நீட்டுவதுதான் சரியாக இருந்தது.

முதலாளி இரண்டு தாளையும் பிரித்தார், சேர்த்தார், மறுபடி பிரித்தார், சேர்த்தார். சின்னப்பிள்ளை மாதிரி நாலைந்து தரம். பிறகு அவர் முகத்தில் வியாபாரி வந்து உட்கார்ந்தார்.

"அப்ப ஒரு பெட்டி வாங்குனா பத்தாதே. ரெண்டு வாங்கணுமே."

"ஆமா அண்ணாச்சி" என்றீர்கள், ஒன்றும் அறியாத முகத்தோடு.

ஒரு வாரம் கெடு. பையனுக்கு நிற்க ஆள் வேண்டும் என்று யாரைப் பிடித்தீர்கள்? எட்டாம் வகுப்பு கணக்கு வாத்தியாரை. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஈர்க்குச்சியை நீட்டிக்கொண்டு நின்றார். "பல்லைக் காட்டுங்க" என்றீர்கள். "எனக்குச் சிரிப்பு வரலை" என்றார். "பரவாயில்லை, காரியாபட்டிக்கு என்னைப் பஸ் ஏத்தி விடுற மாதிரி நினைச்சுக்கோங்க" என்றதும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் இன்றைக்குக் கடை கடையாகத் தொங்குகிறது.

நிழல் வர வேண்டிய இடமெல்லாம் புள்ளி வைக்க வேண்டும், ஆயிரக்கணக்கில். பக்கத்து வீட்டு மாரியம்மா எட்டிப் பார்த்து, "புள்ளிதானே? எங்ககிட்ட விடுங்க" என்று கோலம் போடுகிற நாலு பேரைக் கூட்டிவந்தாள். நீங்கள் கோடு போட்ட இடத்துக்குள் வரிசை தப்பாமல் வைத்தார்கள். நர்சம்மா டூட்டி முடிந்து வந்து டீ போட்டுக் கொடுத்தார். ஓசியில் எழுதினதெல்லாம் ஓசியிலேயே திரும்பி வந்தது. அண்ணன் எல்லாருக்கும் முறுக்கு வாங்கி வந்து வைத்துவிட்டு, காரியாபட்டிக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டார். "என் மனைவிக்குச் சௌகரியப்படாது" என்று ஒரே வரி.

இப்போது அந்த முள்ளை எடுத்துவிடுகிறேன். "அச்சகத்துல நம்மகிட்ட சொல்லாம விட்டுட்டாக" என்று நீங்கள் கடைசிவரை நம்பினீர்கள். சொன்னார்கள் மதினி. அதற்கு முந்தின வேலையைக் கொடுக்கப் போனபோது மெஷின்காரர் என்னிடம் சொன்னார். "இனிமே திருப்பி எழுத வேண்டாம்மா, நேரா எழுதினாப் போதும்." அதைக் கேட்டதும் எனக்கு, இனிமேல் உன் கை வேண்டாம் என்று சொன்னதுபோல இருந்தது. மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்துவிட்டேன். உங்களிடம் சொல்லவில்லை. தகட்டில் கை வைத்தபோதும் வேண்டுமென்றே அதை நினைக்காமல் பழையபடியே போட்டேன். என் வீம்பினால் உங்கள் மேசையே மடங்கியிருக்கும். மன்னித்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பையன் தகட்டை என்னிடம் கொடுத்தபோது நீங்கள் காதோரம் சொன்னீர்களே, "நேரா எழுதிப் பழகு செல்லம். திசைதான் மாறுது, கை அதே கைதான்" என்று. நான் மறைத்தது உங்களுக்கு அப்போதே தெரியுமா? தெரிந்தேதான் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டீர்களா? பதில் சொல்லாமல் போய்விட்டீர்களே என்று சில நாள் கோபம்கூட வருகிறது. உங்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை மதினி, அவ்வளவுதான்.

அண்ணன் சுகம். இப்போது புதுக் கண்ணாடி வாங்கியிருக்கிறார், முழு மீசையோடு போகிறார். மாரியம்மா தினமும் வந்து வண்ணத் தகடு போடுகிறாள், நல்ல கை. பொங்கல் நாடகத்துக்குத் திரை கேட்டிருக்கிறார்கள். ஓசிதான், கேட்காதீர்கள்.

ஊரில் இருக்கிற கடைக்கெல்லாம் ரூமுக்குள் வைத்துப் பெயர்ப்பலகை எழுதினோம், நமக்கு ஒன்று எழுதவில்லை. நான் வெளியில் ஏணிபோட்டு நின்றால் எந்தக் கை என்று தெரு பார்க்கும் என்றுதானே தள்ளிப்போட்டீர்கள்? பலகை வாங்கி வாசலுக்கு மேலே மாட்டிவிட்டேன். வருகிற திங்கட்கிழமை, பட்டப்பகலில், பள்ளிக்கூடம் விடுகிற நேரமாகப் பார்த்து ஏறப் போகிறேன். 'ஞானப்பூ, செல்லபாய். படம் வரைபவர்கள்.' இரண்டு பெயரையும் இடது கையாலேயே எழுதுவேன். பார்க்கிறவர்கள் நன்றாகப் பார்க்கட்டும். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

விழுந்துவிடுவேன் என்று பயப்படாதீர்கள். ஏணியைப் பிடித்துக்கொள்ளத்தான் வலது கை இருக்கிறதே.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள நாத்தனார்,
மத்தாப்பை முதலில் நீட்டினவளைப் போலவே இடக்கைக்காரி,
செல்லபாய்