அம்மை என்று நிறுத்திய மாத்திரை

அன்புள்ள அன்பரசிக்கு,

நீயும் பாப்பாவும் அம்மாவும் சுகம்தானே? சாமை அறுப்புக்கு ஆள் கிடைத்ததா? எனக்கு வாயெல்லாம் புண். அதனால்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன், பயப்படாதே.

கால் புண்ணுக்குத் திருப்பத்தூரில் வாங்கிய மாத்திரையை இங்கு வேலைக்கு வந்தும் போட்டேன். பத்தாம் நாள் உடம்பெல்லாம் கொப்புளம். தோட்டத்தில் என்னோடு வேலை செய்யும் நம்ம மலைக்கார கோவிந்தண்ணன், “ஆத்தா வந்துகீறா, மாத்திரை இன்னாத்துக்கு? நிறுத்துடா” என்று வேப்பிலையில் படுக்கவைத்தார். மறுநாள் புரண்டபோது முதுகுத் தோல் கொஞ்சம் இலையோடு வந்துவிட்டது. பிறகுதான் ஆஸ்பத்திரி.

அம்மை இல்லையாம். நோயோடு சண்டை போடவேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, அந்த மாத்திரையால் குழம்பி என் தோலையே தாக்கிவிட்டதாம். “தப்பா நெனச்சாலும் மாத்திரைய நிறுத்தினீங்களே, அதான் பொழைச்சீங்க” என்றார் தமிழ் தெரிந்த டாக்டரம்மா.

சட்டை உடம்பில் பட்டால் தாங்கமுடியவில்லை. உன் பழைய நூல் புடவை ஒன்று அனுப்பு, விரித்துப் படுக்க. புதுசு வேண்டாம், நீ கட்டியதாக இருக்கட்டும்.

கண் எரிகிறது, முடிக்கிறேன். அந்த மாத்திரையில் பாதி அட்டை சாமி மாடத்தில் இருக்கிறது. இன்றைக்கே குழி தோண்டிப் புதைத்துவிடு. இந்த மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது ரத்தவழியில் வரலாமாம். பாப்பா உடம்பில் ஓடுவதும் என் ரத்தம்தானே.

வெற்றிவேல்