ஒரு லோடு

கனிஷ்கா அம்மாவுக்கு,

போனை போலீஸ் ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதனால்தான் ஊருக்கு வருகிற ஆள் கையில் இந்தக் கடிதம். எனக்கு நெற்றியில் மூன்று தையல், வேறொன்றுமில்லை. சாயங்காலம் போடிமெட்டு இறக்கத்தில் ஜீப்பு கவிழ்ந்துவிட்டது. யாரும் சாகவில்லை.

"வண்டியில எத்தனை பேருடா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "ஒரு லோடு சார்" என்றேன். அவர் அடிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

எனக்கு எல்லாமே லோடுதான், உனக்கே தெரியும். உரமூட்டை லோடு, ஏலக்காய் லோடு, கட்சிக் கூட்டத்துக்குப் போகிற லோடு. நம் கல்யாணத்தன்று உன் சொந்தக்காரர்கள் வந்து இறங்கியதும், "பொண்ணு வீட்டு லோடு வந்துருச்சு" என்றேன். நீகூடச் சிரித்தாய்.

"சரி, ஒவ்வொருத்தர் பேராச் சொல்லு" என்றார். எல்லாம் ஏலக்காய் பறிக்கப் போகிற பெண்கள். நான்கு வருஷமாக விடியலில் நான்தான் ஏற்றிப்போகிறேன். ஒரு பெயர்கூட எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் தையல் போட போடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். தினமும் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற அக்கா, காலில் கட்டோடு கிடந்தார். என்னைப் பார்த்ததும், "அப்பு, கனிஷ்காவுக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?" என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

விடியலில் வீட்டைவிட்டு வந்தவனுக்கு அதுவும் தெரியவில்லை.

விட்டிருந்தால், ராசிங்காபுரத்திலிருந்து முதல் பஸ்சில் வந்து நீயே அவரிடம் சொல்லிவிடு. பெண்கள் வார்டில் வலது பக்கம் கடைசிக் கட்டில். பெயர் தெரியாது, அதனால் கட்டிலைச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்