ஒன்பதரை மணி லைன்

ஜூன் 11, திங்கள்

காலையிலிருந்தே காற்று. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் காகிதமெல்லாம் பறக்கிறது. பி.எஃப். படிவங்கள் பாதி முடிந்தன.

பதினோரு மணி டீ நேரத்தில் முதலாளி கூப்பிட்டார். சனிக்கிழமை கோவையில் ஏதோ கருத்தரங்குக்குப் போய் வந்திருக்கிறார். கையில் அங்கே கொடுத்த ஃபைல்.

"ஏனுங்க ஜெபா அம்மிணி, எச்.ஆர். டிபார்ட்மெண்ட் பிசினஸ்ல ஸ்ட்ராட்டஜிக் பார்ட்னரா இருக்கோணும்னு அங்க ஒருத்தர் ரெண்டு மணி நேரம் பேசுனாருங்க. நம்ம கம்பெனில நீங்க என்ன பண்றீங்க?"

"அட்டெண்டன்ஸ், பி.எஃப்., ஆடிட் வந்தா ரெஜிஸ்டர் ரெடி பண்றது சார்."

புரொடக்‌ஷன் மேனேஜர் பழனிசாமி பக்கத்தில் நின்றிருந்தார். "ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கறதை உட்டுப்போட்டீங்களே." எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். உள்ளுக்குள் வெட்கம். எம்.எஸ்.டபிள்யூ. படித்துவிட்டு நான்கு வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. நாலாவது லைன் தையல் மிஷின்கள் ஆளில்லாமல் மூடிக் கிடக்கின்றன. குழந்தைகள் இரவு உடை ஆர்டர் ஜூலை முதல் வாரம் கப்பல் ஏறவேண்டும். தவறினால் எங்கள் செலவில் விமானத்தில்தான் அனுப்பவேண்டும். சரக்கு வாங்கும் பையரும் அடுத்த ஆர்டரை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார்.

"ஆளுக ஏன் நிக்கறதில்லைன்னு கண்டுபுடிச்சு சொல்லுங்க. எனக்கு அதுதானுங்க பிசினஸ்."

தெரியவில்லை. கண்டுபிடிக்க மூன்று நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

ஜூன் 12, செவ்வாய்

வேலையை விட்டவர்கள் பதிவேட்டை எடுத்தேன். 'காரணம்' என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக ஒரே பதில். சொந்தக் காரணம். சொந்தக் காரணம். சொந்தக் காரணம். எல்லாம் என் கையெழுத்து. ஒருவரிடமும் நான் கேட்டதே இல்லை.

முகவரிகளைக் குறித்துக்கொண்டேன். பாதிக்குமேல் பக்கத்து ஊரான மங்கலம்.

பால் கார்டு புதுப்பிக்க மறந்துவிட்டேன்.

ஜூன் 13, புதன்

மதியம் மங்கலம். தெரு முழுக்கத் தறிச் சத்தம், கத்தித்தான் பேசவேண்டும். முதலில் சரஸ்வதி வீடு. நாலாவது லைனில் ஒன்பது வருடம் ஓவர்லாக் மிஷினில் தைத்தவள். போன வருடம் நின்றாள். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள், கம்பெனியில் ஏதோ தகராறு என்று.

"கம்பெனி மேல ஒரு கொறையும் இல்லீங்க. ஒன்னரை ஷிப்ட், பன்னெண்டு மணி நேரம் முடிச்சு ஊடு வர்றப்ப மணி ஒம்பதுங்க. புள்ள தூங்கிப்போடும். காலைல அது எந்திரிக்கறதுக்குள்ள வேனு வந்துரும். என்ற மவ மொகத்த ஞாயித்துக்கெழமதானுங்க பாத்தேன்."

"திரும்ப வர்ற எண்ணம் இருக்கா?"

"கை துறுதுறுங்குதுங்க. புள்ளைய இஸ்கோல்ல உட்டுப்போட்டு வர்ற மாதிரி இருந்தா நாளைக்கே வந்துருவனுங்க. நா மட்டுமா? வாங்க, காட்டறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு அவளே கூட்டிப்போனாள். வீடு வீடாக. எல்லாரும் ஓவர்லாக், ஃபிளாட்லாக் மிஷின் ஓட்டத் தெரிந்தவர்கள். எல்லாருக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். சாயங்காலத்துக்குள் பதினான்கு பெயர்.

ஆளில்லை ஆளில்லை என்று ஊரெல்லாம் போர்டு வைக்கிறோம். கை பழகிய பதினான்கு பேர் ஒரே ஊரில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்! பஸ்ஸில் உட்கார முடியவில்லை, இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

ஜூன் 14, வியாழன்

சொன்னேன். முதலாளியிடம், பழனிசாமியும் இருக்கும்போதே. நாலாவது லைன் மட்டும் காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்தரை. ஒரே ஷிப்ட். அரை ஷிப்ட் கூடுதல் கிடையாது. வேன் ஒன்பது மணிக்குமேல் கிளம்பட்டும்.

பழனிசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "பனியன் கம்பெனிய இஸ்கோல் மணிக்கா ஓட்டறது? இந்த லைன் அஞ்சரைக்கு எந்திரிச்சுப் போனா செக்கிங்காரங்க என்ன பண்ணுவாங்க? அயர்னிங்?" நியாயமான கேள்விதான். "மூடிக் கிடக்குற மிஷின்லருந்து இப்ப ஒரு பீஸும் வரலியே சார்" என்று மட்டும் சொன்னேன்.

முதலாளி பேனாவைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, "ரெண்டு வாரம் பாக்கலாமுங்க. பழனி, மிஷினுக்கு ஆயில் போடச் சொல்லுங்க."

ஜூன் 18, திங்கள்

மோசமான நாள். ஒன்பதரைக்கு வந்தது ஐந்து பேர், தாங்களாக டவுன் பஸ் பிடித்து. வேன் வழக்கம்போல ஏழரைக்கே மங்கலம் போய், ஆளில்லை என்று திரும்பிவிட்டது. ஊருக்கெல்லாம் சொன்ன நான் டிரைவரிடம் சொல்லவில்லை!

ஐந்து பேரை வைத்து லைன் ஓட்ட முடியாது. கை தைப்பவள் இருந்தால் கழுத்து தைப்பவள் இல்லை. பழனிசாமி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பாத்ரூமில் போய் முகம் கழுவினேன். அதே வேனில் ஏறி மங்கலம் போனேன். மீதி ஒன்பது பேரும் பஸ் ஸ்டாப் மரத்தடியில், டிபன் பாக்ஸோடு. "ஏமாத்திப்போட்டாங்கன்னு நெனச்சமுங்க" என்றாள் சரஸ்வதி. மன்னிப்புக் கேட்டேன். லைன் ஓட ஆரம்பித்தபோது மணி பதினொன்று.

ஜூன் 19, செவ்வாய்

ஒன்பதரை. பதினான்கு பேர். பதினான்கு மிஷின் ஒன்றாகக் கிளம்பிய சத்தம்!! ஒருத்திக்கும் ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மதியம் பழனிசாமி வந்து ஒரு பீஸை எடுத்தார். கழுத்தை இழுத்துப் பார்த்தார். உள்புறம் திருப்பித் தையலைப் பார்த்தார். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அதையும் நல்ல பீஸ் குவியலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு அதுவே போதும்.

ஜூன் 23, சனி

இரண்டாவது லைன் முத்துலட்சுமி, சாத்தான்குளத்துக்காரி, எங்கள் ஊர்ப்பக்கம். தண்ணீர் குழாயடியில் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, பிள்ள பெத்தாத்தான் எட்டு மணி நேர வேலையா? எங்களுக்கு முதுகு வலிக்காதாக்கும்?"

அவள் கேட்டதில் தப்பில்லை. பிறகு பேசுவோம் என்று சமாளித்தேன். சமாளித்தது பிடிக்கவில்லை. குறித்து வைக்கிறேன்.

வீட்டில்: கேஸ் புக் பண்ண வேண்டும். அம்மாவுக்கு போன்.

ஜூலை 4, புதன்

கன்டெய்னர் கிளம்பிவிட்டது. தூத்துக்குடிக்கு. கப்பலில்!

கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டும்போது நாலாவது லைன் பெண்கள் எல்லாரும் வாசலில் வந்து நின்றார்கள். பழனிசாமி செக்கிங்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது: "நாலாவது லைன்ல திருப்பி அனுப்பற பீஸே வரலியே." என்னிடம் சொல்லவில்லை. பரவாயில்லை, கேட்டுவிட்டேன்.

ஜூலை 9, திங்கள்

புரொடக்‌ஷன் மீட்டிங். முதல் முறை எனக்கும் நாற்காலி. நடுவில் பையர் ஆபீஸிலிருந்து போன். முதலாளி கொஞ்ச நேரம் கேட்டார். ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு பழனிசாமியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"இன்னொரு ஆர்டர் தர்றாங்க. இன்னொரு லைன் போடோணும். செப்டம்பர் அஞ்சுக்குள்ள கேக்கறாங்க. ஆள் கெடைக்குமுங்களா? எடுக்கட்டுமா?"

சரி என்று சொல்வது சுலபம். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். மங்கலத்தில் இனி ஆள் இல்லை. குன்னத்தூர்ப் பக்கம் தேடவேண்டும். அவசரப்பட்டால் முத்துலட்சுமி மாதிரிப் பெண்கள் தலையில்தான் ஒன்றரை ஷிப்ட் விழும், அடுத்த மாதமே நின்றுவிடுவார்கள்.

"அஞ்சாம் தேதி முடியாது சார். ஒன்றரை ஷிப்ட் போடாம, இருபதாம் தேதின்னா முடியும்."

பழனிசாமி பென்சிலை எடுத்து ஏதோ கணக்குப் போட்டார். தலையை நிமிர்த்தாமல், "அவங்க சொல்றது சரிதானுங்க. இருபதுன்னா தெச்சுப்போடலாம்."

முதலாளி கையை எடுத்தார். "செப்டம்பர் ட்வென்டி, சார். அதுக்கு முன்னாடி முடியாதுங்க."

மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. முதலாளி எழுந்து நின்றே பேசினார். பிறகு, "சரிங்க, ட்வென்டியே. தேங்க் யூ, சார்."

நாளைக் காலை குன்னத்தூர். அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது.

ஆனால் முடியும் என்று சொன்னது நான்.