இரண்டு கோடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் வலியும் சுகமாகக் கூடவே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும், எனக்கு வேறு நினைப்பே இல்லை. ரத்தப் பரிசோதனை என்று வாயெடுத்தாலே போனை வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதமாக எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

நீ அனுப்பிய கர்ப்பப் பரிசோதனைப் படத்தில் இரண்டு கோடும் தெளிவாகத் தெரிந்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, எதிர்வீடு வரைக்கும் சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் பெயிண்ட் அடிக்கிறார், சுவரைவிட அவர் சட்டைதான் அதிகம் குடித்திருக்கிறது. நான் மட்டும் உன் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். போன தடவை உனக்கு வந்தது முத்துப்பிள்ளைக் கர்ப்பம், கருப்பையில் குழந்தையே இல்லாமல் கொப்புளம் கொப்புளமாக வளர்ந்தது. அதை எடுத்த பிறகு வாராவாரம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள், இப்போதைக்குக் கர்ப்பம் வேண்டாம் என்றார்கள். நீ லீவு கிடைக்கவில்லை என்று நடுவிலேயே விட்டுவிட்டாய். இந்தக் கோடு குழந்தைக்கும் வரும், மிச்சம் ஒட்டியிருந்தது புற்றாக வளர்ந்தாலும் வரும்.

உன் சித்தியை நீ படத்தில்தான் பார்த்திருக்கிறாய். அவளுக்கும் முதலில் முத்துப்பிள்ளைதான். எடுத்த பிறகு மறுபடி வாந்தி, தலைசுற்றல். வீடே கொண்டாடியது, நான் மெஷினில் குட்டிச் சட்டைகள் தைத்துத் தள்ளினேன். பிறகு இருமல், இருமலில் ரத்தம், புற்று நுரையீரலுக்குப் போய்விட்டது. கடைசிவரை வயிற்றில் கைவைத்து, "உதைக்குதுக்கா, தொட்டுப் பாரு" என்பாள். நானும் தொட்டுப் பார்த்தேன், உள்ளே யாரும் இல்லை. இன்றைக்கும் தையல் கடைக்கு வருபவர்கள் யாராவது இருமினால் என் கால் மெஷினை மிதிக்காமல் நின்றுவிடுகிறது. நேற்று போனில் நீ இருமினாய். தூசி என்றாய், தூசியாகவே இருக்கட்டும்.

இங்கே டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். அது அந்தக் காலம், இப்போது சீக்கிரம் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லோருமே பிழைத்துவிடுகிறார்கள், நுரையீரலுக்குப் போயிருந்தாலும் மருந்துக்கு நன்றாகக் கேட்கும், பின்னால் பிள்ளையும் பெறலாம் என்றார். "பயப்படாதீங்க, ஆனா தள்ளிப் போடாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். மாப்பிள்ளையிடமும் மறைக்காமல் சொல். ரத்தமும் ஸ்கேனும் பார்த்துக் குழந்தைதான் என்றால் அப்பாவோடு சேர்ந்து நானும் ஆடுகிறேன். இல்லையென்றால் கடையைப் பூட்டிவிட்டு வந்து, ஊசி போடும்போதெல்லாம் பக்கத்தில் உட்காருகிறேன். அப்பா பேரப்பிள்ளைக்குக் காத்திருக்கட்டும், எனக்கு என் பிள்ளை வேண்டும்.

தீர்க்காயுசாக இரு, கண்ணே. இதைப் படித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, வழியில் போன் பண்ணு. நான் எதுவும் பேசமாட்டேன், நீ நடந்து போகிற சத்தம் கேட்டால் போதும்.

உன் அம்மா