சொக்லேட்டுக்குப் பிறகு வந்த கேள்வி

செவ்வாய், யூலை 1996
ஏவன்டேல்

பக்கத்து வீட்டு ஜிம்முக்குக் காலில ஆறாத புண். நேர்ஸ் எண்டபடியால் நான்தான் மருந்து கட்டிவிடுறன். பள்ளிக்கூட லீவு, மகளும் கூட வந்தாள்.

மனுசன் வழமை போல அவளுக்குச் சொக்லேட் குடுத்திட்டு, நாப்பது வருசத்துக்கு முந்தி மலாயாக் காட்டில இந்த நாட்டு விசேஷப் படையில இருந்த கதையைத் தொடங்கினார். காட்டுச் சனத்துக்கு முதல் மருந்து குடுப்பினமாம். பிறகு உப்பு. பிள்ளையள் மடியில வந்து இருக்கத் தொடங்கின பிறகுதான், கெரில்லாக்கள் ஆர், எங்க ஒளிச்சிருக்கினம் எண்டு கேக்கிறதாம்.

"இங்கிலீஸ்காரற்ற படை மூண்டு மாசம் சும்மா அலைஞ்சது. நாங்கள் மூண்டு கிழமையில பிடிச்சிட்டம்" எண்டு சிரிச்சார்.

"காட்டிக்குடுத்த சனத்துக்குப் பிறகு என்ன நடந்தது?" எண்டு கேட்டன்.

"தெரியாது. எங்களைத் திருப்பிக் கூப்பிட்டிட்டாங்கள்."

சண்டைக் காலத்தில எங்கட ஊருக்கும் ஆமிக்காரன் பிஸ்கட் கொண்டு வந்தவன். தம்பி சின்னப் பிள்ளை. வாங்கித் திண்டிட்டு முன் வீட்டைக் கைகாட்டினான். அந்த வீட்டு அண்ணையை அதுக்குப் பிறகு ஒருத்தரும் காணேல்ல.

ஆனா எனக்குக் காய்ச்சல் வந்த கிழமை முழுக்க மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது ஜிம்தான். அவரைக் கெட்டவர் எண்டு நினைக்க மனம் வருகுதில்லை. நல்லவர் எண்டு நினைச்சாலும் நித்திரை வருகுதில்லை.

நான் கட்டுத் துணியைச் சுத்திக்கொண்டிருக்கேக்க அவர் மகளிட்டைக் கேட்டார், "ஞாயிற்றுக்கிழமையில உங்கட வீட்டுக்கு நிறைய ஆக்கள் வருகினமே, ஆர் அவை?"

சும்மாதான் கேட்டிருப்பார்.

நான் நிமிர முதல், சொக்லேட் வாயோட அவள் எல்லாற்ற பேரையும் சொல்லி முடிச்சிட்டாள்.